குலுக்கிப் போட்ட வரங்கள்

இந்தக் காலாண்டுக்குத் தலைவராகச் சீட்டு விழுந்து, விழுந்த நாள் முதல் நாற்காலியின் நுனியிலேயே அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய பல் மருத்துவர் ஐயா அவர்களே. போன காலாண்டில் தலைவராக இருந்து, இந்தக் காலாண்டில் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் பணிக்கு வந்து, சற்று முன்புகூட எந்தத் திருகைத் திருகுவது என்று தெரியாமல் நம் அத்தனை பேர் காதையும் கிழித்த பெரியவர் அவர்களே. ஒருவர் மனமும் புண்படக் கூடாது என்பதற்காகவே உயிர் வாழ்கின்ற செயலாளர் அண்ணன் அவர்களே. எந்தக் குலுக்கலிலும் சிக்காமல் எப்போதும் போதகராகவே இருக்கும் பாக்கியம் பெற்ற எங்கள் போதகர் ஐயா அவர்களே. முன்வரிசையில் வீற்றிருக்கும் மூப்பர்களே. பின்வரிசையில் அமர்ந்து முன்வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே. பெற்ற பிள்ளைகளை மடியில் பிடித்து நிறுத்த முடியாமல் திணறும் தகப்பன்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எந்த வண்டி வராமலே போய்விட்டது என்று நாள் முழுக்க அறிவிக்கிறவள் நான். நான் வாய் திறந்தால்தான் ஊர் பெட்டியைத் தூக்கும். அப்படிப்பட்ட எனக்கு நம் சபையில் விழுந்த சீட்டு என்ன தெரியுமா? வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று வாய் பேசாமல் கை காட்டுவது. ஊருக்கே வழி சொன்னவள் இங்கே மூப்பர் ஒருவரின் காரைச் சுவரில் இடிக்க வைத்தேன். ஐயா, விளக்கை மாற்றிவிட்டீர்களா? மாற்றிவிட்டாராம். மகிழ்ச்சி.

இன்றைக்கு வாழ்த்துரைச் சீட்டு எனக்கு விழுந்தது. அதைப் பிரித்துப் படித்தபோது செயலாளர் அண்ணன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பக்கத்தில் வந்து, "தங்கச்சி, சுருக்கமா முடிச்சிடுங்க. பழசெல்லாம் கிளற வேணாம்" என்றார். "என்ன அண்ணே, சீட்டு விழுந்தா ஆண்டவர் சித்தம்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆகவே சித்தப்படியே பேசுகிறேன்.

குலுக்கல் முறை தொடங்கி ஓராண்டு நிறைந்ததை வாழ்த்திப் பேச வேண்டுமாம். வாழ்த்துகிறேன். வாயார வாழ்த்துகிறேன். வாழ்த்துவதற்கு முன்னால் இது பிறந்த கதையை ஒருமுறை சொல்லிவிட வேண்டாமா? பிறந்த நாள் விழாவில் பிறந்த கதையைச் சொல்வதுதானே முறை?

நம் பாடகர் குழுவின் தலைவி, தையல் கடை அம்மா. அவர் வீட்டு மருமகளும் அதே குழுவில் பாடுகிறவர். இருவருக்கும் ஆண்டவர் அள்ளிக் கொடுத்த குரல். ஒரு பெருநாள் ஆராதனை வந்தது. ஒரு தனிப்பாடலும் வந்தது. மாமியார் பாடுவதா, மருமகள் பாடுவதா? "எத்தன வருஷமா அத்தையே பாடுறாங்க. நாங்க என்ன வாயசைக்கவா வந்தோம்?" என்றார் மருமகள். "நான் கண்ண மூடுன பிறகு அவளே பாடட்டும், யாரு வேண்டாம்னா" என்றார் மாமியார். இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். நான் பொய் சொன்னால் எழுந்து மறுக்கலாம். இல்லையா? நன்றி.

இதை விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் யார்? இந்த மேடைதானே? மேடை கூடியது. தேநீர் குடித்தது. ஜெபித்தது. மறுபடியும் தேநீர் குடித்தது. இருவரில் ஒருவரைப் பார்த்து, "அம்மா, இந்த முறை நீங்கள் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்ல அந்த அறையில் ஒரு நாக்கு இல்லை. ஒற்றை நாக்கு இல்லை. கடைசியில் செயலாளர் அண்ணன் திருவாய் மலர்ந்தார். "எல்லாருக்கும் எல்லாத்தையும் குடுத்திடலாம். பேரையெல்லாம் எழுதிக் குலுக்கிப் போட்டுடலாம். அப்புறம் யாரும் நம்மளக் கேக்க முடியாது."

சபையாரே, இந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். யாரும் நம்மைக் கேட்க முடியாது. இதுதான் நம் சமத்துவத்தின் அடித்தளம். இதுதான் நம் ஆவிக்குரிய புரட்சியின் அஸ்திவாரம். பயந்தவர்கள் கூடிப் பயத்துக்கு ஒரு பட்டுச் சட்டை போட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்தார்கள். காணிக்கை எடுக்கும் சிவப்புப் பையில் நம் பெயர்களைப் போட்டார்கள். குலுக்கினார்கள். பிரசங்கத்தையும் குலுக்கலில் சேர்க்கலாமே என்று பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்கள். "அது அழைப்பு, அதக் குலுக்க முடியாது" என்று பதில் வந்தது. நல்லது. பிரசங்கம் அழைப்பு என்றால் மற்றதெல்லாம் என்ன, எடுபிடி வேலையா? போதகர் ஐயா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஐயா, நீங்கள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

பையிலிருந்து பிறந்த அற்புதங்களைப் பாருங்கள். பாடல் நடத்தும் சீட்டு வெல்டிங் பட்டறைக்காரருக்கு விழுந்தது. நல்ல மனிதர், நாணயமானவர், தகரத்தைத் தரையில் இழுத்தால் என்ன சத்தம் வருமோ அந்தக் குரல். அவரே என்னிடம் வந்து, "அக்கா, நான் பாடுறதக் கேட்டா எனக்கே எந்திரிச்சுப் போயிடலாம்னு இருக்கு" என்றார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஓய்வுபெற்ற சிறைக் காவலரிடம் போனார்கள். போய்ப் பாருங்கள், பிள்ளைகள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஆண்டவரின் அன்பைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார்கள். தையல் கடை அம்மாவுக்குக் கதவு திறக்கும் வேலை. அவர் மருமகளுக்குக் கதவு மூடும் வேலை. பாட்டுக்குப் பிறந்த இரண்டு குரலும் கதவுக்குப் போயின. சண்டை தீர்ந்ததா? இன்றுவரை மாமியார் திறந்த கதவை மருமகள் மூடுவதில்லை, மருமகள் மூடிய கதவை மாமியார் திறப்பதில்லை.

அடுத்து சலவை நிலையம் நடத்தும் நம் அத்தை. முதுகுக்குப் பின்னால் நீங்கள் எல்லோரும் 'இடி அத்தை' என்று சொல்வீர்களே, அவரேதான். எத்தனையோ வருடங்களாக இந்தச் சபையில் நோயாளிகளைப் பார்க்கப் போனவர் அவர். இனிமையாகப் பேசுவாரா? பேச மாட்டார். ஆறுதல் சொல்வாரா? அந்தச் சொல்லே அவருக்குப் பிடிக்காது. போனதும் ஜன்னலைத் திறப்பார், போர்வையை உருவுவார், திட்டத் தொடங்குவார். அவர் திட்டுக்குப் பயந்தே எழுந்து நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நீங்கள் ஏன் தலை குனிகிறீர்கள் மாமா? உங்களைச் சொல்லவில்லை. சரி, உங்களையும்தான் சொல்கிறேன்.

அந்த அத்தைக்கு விழுந்த சீட்டு, பூ ஜாடி அலங்காரம். பூவையும் திட்டிக்கொண்டேதான் சொருகுகிறார். நோயாளிகளைச் சந்திக்கும் சீட்டோ, பழைய மேசை நாற்காலிகளை ஏலம் விடும் நம் ஏலக்கார அண்ணனுக்கு விழுந்தது.

சிரித்தது போதும். இப்போது என் வீட்டுக்கு வாருங்கள்.

என் கணவர் தச்சர். நம் பெஞ்சுகளுக்கெல்லாம் கால் போட்டவர். மரச்சாமான் தொழிற்சாலையில் அறுவை இயந்திரம் அவர் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வந்தார், கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. மெல்ல மெல்லப் பேசவும் செய்தார். அந்த நேரத்தில் செயலாளர் அண்ணன் பழங்களோடு வந்தார். முன்னறையில் உட்கார்ந்து மென்மையாக, மிக மென்மையாகச் சொன்னார்: "தங்கச்சி, தம்பி சீட்ட இந்தத் தடவ பையில போடல. கமிட்டியே ஒருமனசா எடுத்திடுச்சு. பாவம், நல்லா ஓய்வெடுக்கட்டும்."

கதவு திறந்திருந்தது. உள்ளே அவருக்குக் கேட்டுவிட்டது. அண்ணன் போன பிறகு அவர் என்னிடம் கேட்டார். "எல்லாரும் எல்லாம் செய்யலாம்னுதான சொன்னாங்க?"

"ஆமா" என்றேன்.

"அப்ப அந்த எல்லாருல நான் இல்ல போல."

அன்றோடு பேச்சை நிறுத்தினார். வைத்த சாப்பாடு வைத்தபடியே இருந்தது. இயந்திரம் இரண்டு விரலைத்தான் எடுத்தது. மீதி ஆளை எடுத்தது யார்? சொல்லுங்கள் மேடையே, யார்? பாட வராதவர் பாடலாம். பேசத் தெரியாதவர் பேசலாம். ஒலிபெருக்கியைத் தொட்டாலே நடுங்குகிறவர் ஒலிபெருக்கியை ஆளலாம். எல்லோராலும் எல்லாம் முடியும். இவர் ஒருவரால் மட்டும் ஒன்றுமே முடியாதா? எந்தத் தகுதியையும் பார்க்க மாட்டோம் என்று மார்தட்டிய நீங்கள், ஒரே ஒரு மனிதனிடம் மட்டும் விரலை எண்ணிப் பார்த்தீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. வரத்தான் செய்யும். தண்ணீர் வேண்டாம், நன்றி, வையுங்கள்.

பிறகு ஏலக்கார அண்ணன் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டு அவரை அனுப்பியது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவருக்குத் தெரிந்த ஒரே குரலில் ஆறுதல் சொல்லத் தொடங்கினார். "தம்பி, உன்னவிட மோசமா எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குக் கை முழுசும் போச்சு. இன்னொருத்தருக்கு ரெண்டு கையும் போச்சு. ரெண்டு கை, ஒரு காலு, அவரு எப்படி இருக்காரு தெரியுமா?" ஏலத்தில் விலை ஏறுவது போல என் வீட்டுக்குள் கஷ்டம் ஏறிக்கொண்டே போனது. என் கணவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்து அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, எனக்கு இது வராது. வராதுன்னு சொன்னா ஆண்டவர் சித்தத்த மறுக்குறியாங்குறாங்க. நான் என்ன பண்ண? நீ போய் அத்தையக் கூப்பிடு" என்றார். இந்த ஓராண்டில் நம் சபையில் நான் கேட்ட நேர்மையான வார்த்தை அது. அதோ, தூணுக்குப் பின்னால் மறைகிறார். மறைய வேண்டாம் அண்ணே, உங்களைப் பாராட்டுகிறேன்.

சலவை நிலையத்துக்குப் போனேன். நீராவிக்கு நடுவில் அத்தை ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்னால வர முடியாது. போன தடவ பக்கத்துத் தெருவுல ஒருத்தியப் பாக்கப் போனதுக்கே, சீட்டு இல்லாம ஏன் போனீங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாங்க. பூவக் குத்துறதுதான் என் வேலையாம்" என்றார். நான் திரும்பி நடந்தேன். வாசல் தாண்டுவதற்குள் ஒரு கேள்வி வந்தது.

"அவன் சாப்பிடுறானா?"

"இல்ல அத்தை."

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். செருப்பை மாட்டினார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் என் கணவருக்கென்றே சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார்.

அறைக்குள் போனதும் ஜன்னல் திறந்தது, போர்வை பறந்தது. "சுவத்துல என்னடா படமா ஓடுது? இந்தப் பக்கம் திரும்பு."

"விரல் போச்சு அத்தை."

"கண்ணு தெரியுது எனக்கு. வாய் இருக்குல்ல? பல்லு இருக்குல்ல? இவ நாள் பூரா கத்திட்டு வந்து உனக்கு ஊட்டி வேற விடணுமா? எந்திரி."

அவர் எழவில்லை. "சபையில என் சீட்ட எடுத்துட்டாங்க அத்தை" என்றார்.

 அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எந்த மடையன் எடுத்தான்?" என்றார். செயலாளர் அண்ணன் என்றேன் நான். "அவனா? அவன் சட்டைய வாராவாரம் தேய்க்கிறது நான்தான். இந்த வாரம் பாத்துக்கிறேன்."

சபையாரே, என் கணவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். இடது கையால் சாப்பிட்டார், பாதியைக் கீழே சிந்தினார், அதற்கும் திட்டு வாங்கினார். நான் அடுக்களையில் நின்று அழுதேன். அண்ணன் இன்று ஏன் கசங்கிய சட்டையோடு மேடையில் அமர்ந்திருக்கிறார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்த அத்தைக்கு இந்த மேடை என்ன மரியாதை வைத்திருக்கிறது? என் பேச்சு முடிந்ததும் அவர் எழுந்து, ஒழுங்கை மீறியதற்காக உங்கள் முன்னால் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். நோயாளியை எழுப்பியது குற்றம். நோயாளியைப் படுக்க வைத்தது ஒழுங்கு. ஆகா, என்ன நீதி, என்ன நிர்வாகம், என்ன நேர்த்தி. அத்தையிடம் நான் கேட்டுவிட்டேன். "வருத்தமா? எனக்கா? வேணும்னா இன்னொரு தரம் போறேன்னு சொல்லு" என்றார். ஆகவே தலைவர் ஐயா, அந்த நிகழ்ச்சியை நீங்கள் தாண்டிப் போய்விடலாம். கைதட்ட வேண்டாம், கைதட்ட வேண்டாம். ஓராண்டாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் நீங்கள். இப்போது தட்டி என்ன?

கமிட்டியாரிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவர் சீட்டை ஏன் எடுத்தீர்கள்? பெஞ்சுக்கு ஆணி அடிக்க விரல் வேண்டும், அதனால்தானே? அவர் வரம் விரலில் இருந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ரொட்டிக் கடை அண்ணன் தம்பி இருவரை நினைத்துப் பாருங்கள். அப்பா விட்டுப் போன வீட்டுக்காக முகம் பாராமல் இருந்தார்கள். போதகர் ஐயா பேசினார், நடக்கவில்லை. மூப்பர்கள் பேசினார்கள், மோசமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த நீளப் பெஞ்ச மாடிக்குக் கொண்டு போகணும், இந்தப் பக்கம் பிடிங்க" என்றார். தம்பியைக் கூப்பிட்டு, "நீ அந்தப் பக்கம் பிடி" என்றார். தான் விலகிக்கொண்டார். பெஞ்சைப் பிடித்த பிறகு விட முடியுமா? படிக்கட்டுத் திருப்பத்தில் பேசாமல் இருக்க முடியுமா? "கொஞ்சம் தூக்குடா." "தூக்கியாச்சு, நீ திரும்பு." "கால் பத்திரம்." மேலே போய் இறக்கி வைத்துவிட்டு அதே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. மாடியில் அந்தப் பெஞ்சுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

இது பிரசங்கமா? இல்லை. பாட்டா? இல்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று செய்யக் கூடியதா? இல்லவே இல்லை. இதற்கு விரல் வேண்டுமா? யாரை யாரோடு சேர்த்து எதைத் தூக்க வைப்பது என்று தெரிய வேண்டும். தையல் கடைத் தகராறு வந்தபோதே, "ரெண்டு பேரையும் ஒரு ஞாயித்துக்கிழமை என்கிட்ட விடுங்க" என்று இந்த மேடையிடம் வந்து கேட்டார். "தச்சருக்கு இதுல என்ன வேலை" என்றீர்கள். ஆணி அடிக்கிறவன் ஆணி மட்டும்தான் அடிப்பான் என்று நினைத்தீர்கள்.

சமம் என்றால் ஒரே மாதிரி என்று நினைத்ததுதான் உங்கள் முதல் முட்டாள்தனம். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் ஆண்டவர் ஏன் ஒருத்திக்குக் குரலைக் கொடுத்து ஒருத்திக்குக் கோபத்தைக் கொடுத்தார்? ஒருவனுக்கு நாவைக் கொடுத்து ஒருவனுக்கு நிதானத்தைக் கொடுத்தார்? நமக்குள் ஒருவரை ஒருவர் தேட வேண்டும் என்றுதானே? எனக்கு இல்லாதது உன்னிடம் இருக்கிறது என்று நான் உன் வாசலுக்கு வர வேண்டும் என்றுதானே? கொடுத்தவர் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நீங்கள் யாரையும் பார்க்காமல் குலுக்கினீர்கள். பார்க்கப் பயந்து குலுக்கினீர்கள். பார்த்தால் பொறுப்பு வருமே, பார்த்தால் ஒருவரிடம் 'ஆமாம்' என்றும் ஒருவரிடம் 'இல்லை' என்றும் சொல்ல வேண்டி வருமே என்று குலுக்கினீர்கள். அதற்குப் போய் ஆண்டவரின் பெயரை இழுத்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதோ, மேசை மேல் பை இருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் அடுத்த காலாண்டுக்குக் குலுக்கப் போகிறீர்கள். என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓய்வுக்காக அல்ல; பேசும் வேலை இருந்தால் என்னை நேரில் வந்து, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வெல்டிங் பட்டறைத் தம்பி கை தூக்குகிறார். அவர் பெயரையும் எடுத்துவிடுங்கள், எல்லோரும் நிம்மதியாகப் பாடுவோம். தையல் கடை அம்மா, உங்களையும் உங்கள் மருமகளையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது என் வரம் அல்ல.

முடிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறேன் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். இன்னும் முழு மனசு இல்லை. வாசல் வரை வந்து திரும்பினாலும் திரும்பிவிடுவார், எனக்குத் தெரியும். அவர் உள்ளே வருவது என் கையிலும் இல்லை, அத்தை வாயிலும் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களிடம்தான் இருக்கிறது. அவரைக் கண்டதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகாதீர்கள். 'பாவம்' என்று ஒருவர் சொன்னாலும் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். உட்காருங்கள், உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போடாதீர்கள். கை எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வேலை சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும், நடுவில் மணி அடிக்காத தலைவர் ஐயாவுக்கும், ஒலிபெருக்கியைக் கடைசிவரை தொடாமல் விட்ட பெரியவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீடுகளில் இருக்கட்டும். வணக்கம்.